ஒப்பிட ஆள் இல்லாத பள்ளிக்கூடம்

வெள்ளைப்பாத்தி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குத் துலா போட்ட மதிப்பெண் நூற்றுக்குப் பூஜ்யம் புள்ளி மூன்று. மரியபாக்கியம் டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். துடைத்த கண்ணாடியிலும் அதே புள்ளி மூன்றுதான் நின்றது.

அவருக்கு வந்த கோபத்தைக் கேட்கவா வேண்டும்! இருபத்துநான்கு வருடமாக அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை அவர். ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம். தூத்துக்குடிக்குத் தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்தி. அதன் நடுவே நான்கு வகுப்பறை, ஒரு சமையல்கூடம், புல் முளைக்காத ஒரு மைதானம். கடல் வருடா வருடம் உள்ளே ஏறி வந்ததில் பள்ளியை இரண்டு தடவை மேட்டுக்கு மாற்றியாயிற்று. இரண்டு தடவையும் கரும்பலகைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தவர் இவர். அப்படிப்பட்ட பள்ளியால் யாருக்கும் காலணாப் பிரயோசனம் இல்லை என்று ஒரு பெட்டி சொல்கிறது!

பெட்டிதான். மாநில மதிப்பீட்டு ஆணையம் என்று புதிதாக ஒன்று வந்திருந்தது. துலா அவர்கள் செய்த இயந்திரம். ஊர் ஊராகத் தூக்கிப் போய்ப் பள்ளிகளை எடை போட்டார்கள். பத்துக்குக் கீழே வாங்கும் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைக்கு ஒரு பாடத்திரை கொடுத்து வீட்டிலேயே படிக்கச் சொல்வது என்று சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். வெள்ளைப்பாத்தியில் அப்பாவும் அம்மாவும் விடிவதற்கு முன்பே பாத்திக்குப் போய்விடுவார்கள். பூட்டிய குடிசைக்குள் திரை தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்; கேட்க வேண்டிய பிள்ளை உப்பு வாரப் போயிருக்கும். தன்னுடைய நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளை நினைத்ததும் டீச்சருக்குக் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது.

பெட்டியோடு வந்திருந்தவள் தமயந்தி. ஈரோட்டுப் பெண், இருபத்தாறு வயது, ஆணையத்தில் பொறியாளர். பாவம், மதிப்பெண்ணைப் பார்த்து அவள் முகமும் சுருங்கித்தான் போயிருந்தது.

"இது என்னத்தை வச்சுக் கணக்குப் போடுது? அதை முதல்ல சொல்லு" என்றார் டீச்சர்.

"உங்க ஸ்கூல்ல படிச்சவங்க முப்பது வயசுல எப்படி இருக்காங்கன்னு பார்க்குமுங்க. வேலை, உடம்பு, அவங்க பிள்ளைங்க படிக்குதா, எல்லாமே. அப்புறம் இதே உப்பளத்துல, இதே மாதிரி கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைங்க, ஆனா எந்தப் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டுலயும் பேர் இல்லாதவங்க, அவங்க எப்படி இருக்காங்கன்னு பார்க்கும். இதுல அதைக் கழிச்சா வர்றதுதான் ஸ்கூலோட மதிப்புங்க."

"எங்க பிள்ளையள் நல்லா இல்லியா அப்ப?"

"ரொம்ப நல்லா இருக்காங்க டீச்சர். அதுதான் எனக்கும் புரியலை. படிக்காதவங்களும் அதே அளவுக்கு நல்லா இருக்காங்க. காலம் மாறுனதுல எல்லாருமே மேல வந்துட்டாங்க, ஸ்கூல் இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்னு துலா சொல்லுது."

பள்ளி வாசலையே மிதிக்காமல் அத்தனை நன்றாக இருப்பவர்கள் யார் என்று டீச்சருக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. பட்டியலைக் காட்டு என்றார். அதைக் காட்டக் கூடாது என்பது விதி. தமயந்தி வாசலில் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு திரையை டீச்சர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, டீ கிளாஸை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள்.

இருநூற்றுப் பதினான்கு பெயர். முதல் பெயர் சுக்ரு மாஜி. இரண்டாவது ஜெமா நாயக். மூன்றாவது முத்திருளாயி. டீச்சரின் விரல் திரையில் இறங்கிக்கொண்டே போனது. பத்தாவது பெயரில் நின்றது. ஜன்னலோரத்தில் இருந்த தமயந்தி என்னமோ ஏதோவென்று திரும்பிப் பார்த்தால், டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார், கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"ஏ தமயந்தி, இதெல்லாம் எங்க விருந்தாளியளாக்கும்!"

விருந்தாளி கதை இதுதான். தை மாதம் உப்புக் காலம் தொடங்கினால் புரட்டாசி வரை ராமநாதபுரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வேலைக்கு வந்து இறங்குவார்கள். பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கிடையாது, அரசாங்க எண் கிடையாது. வேலைக்குப் போகும் வயதில்தான் எண் விழும். எண் இல்லாத பிள்ளையைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது. மதியம் சாம்பார் வாசனை வந்தால் வேலியோரம் வந்து நிற்கும் அந்தக் கூட்டம். தலைமையாசிரியையாக வந்த முதல் வருடமே மரியபாக்கியம் ஒரு உத்தரவு போட்டார்: முட்டை வேண்டுமா, காலை முதல் மணிக்கே வந்து வகுப்பில் உட்கார வேண்டும். அவ்வளவுதான். பள்ளியில் அவர்களுக்கு விருந்தாளி என்று பெயர். மற்றப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து, படித்து, அடி வாங்கி, பரீட்சையும் எழுதினார்கள்; விடைத்தாளில் மட்டும் எண் இருக்காது. அரிசிக் கணக்கு இடிக்காமல் இருக்க, அன்றைக்கு வராத பிள்ளைகளை வந்ததாகப் பதிவேட்டில் போட்டுவிடுவார். வட்டாரக் கல்வி அலுவலரின் பைக் சத்தம் தூரத்தில் கேட்டால் போதும், சமையல்கார இசக்கியம்மாள் அத்தனை விருந்தாளிகளையும் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். அங்கேயும் வாய்ப்பாடு ஓடும், சத்தம் மட்டும் இருக்காது.

உப்புக் காலம் முடிந்தால் லாரி ஏறிப் போய்விடுவார்கள். அடுத்த வருடம் சிலர் வருவார்கள், பலர் வர மாட்டார்கள். என்ன ஆனார்கள் என்று டீச்சருக்கு இருபத்துநான்கு வருடமாக ஒரு தகவலும் இல்லை. இப்போது பாருங்கள், அத்தனை பேரும் ஒரு திரைக்குள் வரிசையாக நிற்கிறார்கள்!

"இந்த ஜெமாவுக்கு ஒம்பதாம் வாய்ப்பாடு வரவே வராது. இப்ப எங்க இருக்கா?"

"கட்டாக்ல நர்ஸுங்க."

"முத்திருளாயி?"

"பரமக்குடில எலெக்ட்ரீஷியன். பொண்ணு ஆறாவது படிக்குது."

"சுக்ரு? குழாயை ஒடச்சுப் போட்டுட்டு ஒரு வாரம் ஒளிஞ்சு கெடந்தான் அவன்."

தமயந்தி தேடிப் பார்த்துவிட்டு, தண்ணீர் சுத்திகரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர் என்றாள். டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு பெயராகக் கேட்டார். மூன்று பேர் இறந்து போயிருந்தார்கள், ஒருவன் சிறையில் இருந்தான். அவர்களையும் ஒருதரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். நூற்று இருபதாவது பெயரில்தான் தமயந்திக்குப் பொறி தட்டியது. அவள் துள்ளி எழுந்த வேகத்தில் டீ கிளாஸ் உருண்டு மேஜையெல்லாம் டீ.

"டீச்சர், துலா உங்க பிள்ளைங்களை உங்க பிள்ளைங்களோடயேதான் ஒப்பிட்டிருக்குது! ரெண்டு பக்கமும் நீங்கதான் இருக்கீங்க. கழிச்சா எப்படிங்க மீதி வரும்?"

அந்த மகிழ்ச்சி ஐந்து நிமிடம் இருந்தது. ஆறாவது நிமிடம் தமயந்தியே அதைக் கெடுத்தாள். இதை ஆணையத்தில் சொல்ல வேண்டுமென்றால், இருபத்துநான்கு வருடம் பொய் வருகை போட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சஸ்பெண்ட் நிச்சயம். ஓய்வூதியம் போகும், வழக்கும் வரலாம். டீச்சர் தனக்காகப் பயப்படவில்லை என்று எழுதினால் பொய். அவருக்குப் பயம்தான். மகன் அபுதாபியில், போனில் மட்டும் இருக்கிறான். அவருக்கு இருக்கிற ஒரே பிடிமானம் அந்த ஓய்வூதியம். ஆனாலும் இசக்கியம்மாளும் மாட்டுவாளே என்பதுதான் முதலில் தோன்றியது. கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

இசக்கியம்மாள் கரண்டியோடு நின்று முழுவதையும் கேட்டாள். "இருபது வருசமா கிட்டங்கிக்குப் பின்னால குனிஞ்சு குனிஞ்சு எனக்கு இடுப்பே போச்சு டீச்சர். சொல்லித் தொலைச்சிருங்க" என்றாள்.

மறு வாரம் ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில் விசாரணை. ஆணையத் தலைவர் ரகோத்தமன் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்குக் காசைக் கொட்டுகிறோம், ஏழை ஏழையாகவே இருக்கிறானே, எது உருப்படி எது வெட்டி என்று ஒருதரமாவது சரியாக அளந்து பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. முறை என்றால் முறை. அதில் சொந்தத் தம்பிக்கும் இடம் கொடுக்க மாட்டார். மரியபாக்கியம் டீச்சர் இருநூற்றுப் பதினான்கு பெயரையும் தாளைப் பார்க்காமல் ஒப்பித்தார். யார் எந்த வருடம் வந்தான், எந்த பெஞ்சில் உட்கார்ந்தான், எதில் தோற்றான் என்பது வரை சொன்னார். ரகோத்தமன் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் இரண்டு உத்தரவு போட்டார். டீச்சரைச் சஸ்பெண்ட் செய்வது ஒன்று. விருந்தாளிகளைக் கழித்துவிட்டுத் துலாவை மறுபடி ஓட்டுவது இன்னொன்று.

மறுபடி ஓட்டினார்கள். துலா மூன்று நாள் தேடியது. அந்த உப்பளம் முழுவதிலும் அந்தப் பள்ளியில் ஒரு நாளாவது உட்காராத பிள்ளை ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை. 'ஒப்பிட ஆள் இல்லை' என்று எழுதிவிட்டு நின்றுவிட்டது.

செய்தி பத்திரிகையில் வந்ததும் நடந்ததுதான் அமர்க்களம். தேனியிலிருந்து ஒரு தலைமையாசிரியர் ஆணையத்துக்குப் போன் செய்து, எஸ்டேட் பிள்ளைகள் பதினெட்டுப் பேரை நானும் பெயரில்லாமல் உட்கார வைத்திருக்கிறேன் என்றார். தர்மபுரியில் தம்பியை இடுப்பில் தூக்கி வந்த அக்காக்களை அப்படியே உள்ளே விட்டிருந்தார்கள். அக்காவோடு தம்பியும் எழுத்துக் கூட்டிவிட்டான். சென்னையில் ஒரு பள்ளியில் வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளைகள், பக்கத்துக் கட்டடத்துச் சித்தாள் பிள்ளைகள் என்று ஒரு வகுப்பே இருந்திருக்கிறது. ஒரே வாரத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பள்ளி! வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் படித்த டீச்சருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தான் ஒருத்திதான் திருடி என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தார் அல்லவா!

துலாவின் பாதி மதிப்பெண்கள் செல்லாமல் போயின. ஒரு மாதம் கழித்து ரகோத்தமன் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

வழி இதுதான். பள்ளியே தொடாத பிள்ளைகள் இல்லாததால்தானே அளக்க முடியவில்லை? புதிதாக உண்டாக்கிவிடலாம். வெள்ளைப்பாத்தியில் இந்த வருடம் ஐந்து வயதாகும் நாற்பது பிள்ளைகளை, ஐந்து வருடத்துக்கு எந்தப் பள்ளியிலும் சேர்க்காமல் வைப்பது. சோறு உண்டு, மருந்து உண்டு, படிப்பு மட்டும் கிடையாது. அதன்பின் துலா உண்மையான எடையைச் சொல்லும். அதுவரை மாநிலத்தில் ஒரு பள்ளியையும் மூடுவதில்லை. டீச்சரின் சஸ்பென்ஷன் ரத்து, ஓய்வூதியம் முழுசாக. எண் இல்லாத பிள்ளைகள் யார் யார் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும் என்பதால், பட்டியலை அவர்தான் எழுதித் தர வேண்டும்.

"நாப்பது பேருக்காக லட்சக்கணக்கான பிள்ளைகளை விட்டுடாதீங்கம்மா. யோசிங்க" என்றார் ரகோத்தமன். மனசாரத்தான் சொன்னார்.

டீச்சர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நாற்பது முகமும் அவருக்குத் தெரியும். உப்பு வாருகிற அந்தோணியின் கடைசிப் பெண் இப்போதே வேலிக்கம்பியில் விரலால் அ போட்டுப் பார்க்கிறாள். அவள் பெயரைக் கையால் எழுதி, உனக்குக் கிடையாது என்று சொல்ல வேண்டும். எழுதாவிட்டால் பத்துக்குக் கீழே இருக்கிற எல்லாப் பள்ளியும் போய்விடும். எதைத் தொட்டாலும் சுட்டது. மூன்றாம் நாள் காலையில் தமயந்திக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நாற்பது பேரை நான் பொறுக்கிக் கொடுத்தால் உன் பெட்டி ஒத்துக்கொள்ளுமா?

தமயந்தி சட்டப் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் போனில் கேட்டது. "அதை யாருமே கேக்கலைங்க டீச்சர். துலாகிட்டயே கேட்டுடலாம்" என்றாள்.

மாபெரும் ஆய்வு என்று அறிவிக்கப் பத்திரிகைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். அதே அரங்கம். பட்டியல் எங்கே என்று ரகோத்தமன் கை நீட்டினார். டீச்சர் எழுந்து நின்றார். ஒப்பீடு எப்படி என்பதில் துலா சொல்வதே முடிவு என்று ஆணையத்தின் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, அதனால் முதலில் அதைக் கேளுங்கள் என்றார். முறை என்றதும் ரகோத்தமனால் மறுக்க முடியவில்லை. தமயந்தி கேள்வியை உள்ளே கொடுத்தாள்.

துலா பத்து விநாடிகூட எடுக்கவில்லை. கையால் பொறுக்கிய நாற்பது பேரை ஏற்க முடியாது என்றது. அளக்க வேண்டியது பள்ளிக்கூடத்தையே, ஒரு உப்பளத்தை மட்டும் அல்ல. அதனால் மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் பட்டியலில் இருந்தாக வேண்டும். மாவட்டத்தில் ஐந்து வயதாகும் எல்லாப் பிள்ளைகளிலிருந்தும் குலுக்கி எடுப்பதுதான் ஒரே வழி என்றது. அரங்கத்தில் ஒரு சலசலப்பு. ரகோத்தமன் சட்டப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்துப் பார்த்தார். பிறகு, "சரி, முறை அதுதான். குலுக்குங்க" என்றார். அந்த நேர்மையை மெச்சத்தான் வேண்டும்.

டீச்சர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நாற்பதும் உப்பளத்துப் பிள்ளைகளாகவே விழுந்துவிட்டால்? தானே கேட்டு வாங்கிய குலுக்கல் ஆயிற்றே! பெயர்கள் சுவரில் ஒவ்வொன்றாக ஏறின. மீனவர் குப்பத்துப் பையன். பஸ் டிரைவர் மகள். அந்தோணியின் கடைசிப் பெண். டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்தது மாவட்ட மருத்துவமனை எலும்பு டாக்டரின் மகன். அப்புறம் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. நீதிபதி வீட்டுப் பெண். மளிகைக்கடைக்காரர் மகன். முப்பத்தோராவதாக வந்த பெயர் விஷ்வக். கப்பல் ஏஜென்சி துரைசிங்கத்தின் பேரன். ஊரில் பாதிப் பேருக்கு அவர் முதலாளி, மந்திரி மகன் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்கிறவர். பத்திரிகைக்காரர்கள் பெயரைப் படம் பிடித்து அப்போதே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பதாவது பெயர் விழுந்து ஐந்து நிமிடம் இருக்கும். டாக்டரின் மனைவி அழுதுகொண்டே ஆட்சியருக்குப் போன் செய்தார். நீதிபதி வீட்டிலிருந்து வக்கீல் கூப்பிட்டார். அப்புறம் ரகோத்தமனின் சொந்த போன் அடித்தது. எடுத்தவர் எழுந்து நின்றுவிட்டார். "ஆமாங்க... இல்லீங்கய்யா... அது குலுக்கல்ங்கய்யா" என்று மூன்று தடவை சொன்னார். நான்காவது தடவை சொல்ல அவரை விடவில்லை.

போனை வைத்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார். ஆய்வு நிறுத்தப்படுகிறது, பள்ளிகளை மூடும் திட்டமும் மறு உத்தரவு வரை நிறுத்தப்படுகிறது என்று தாழ்ந்த குரலில் அறிவித்தார். அரங்கத்தில் யார் யாரோ கை தட்டினார்கள். தமயந்தி எழுந்து விசிலே அடித்துவிட்டாள். டீச்சரின் சஸ்பென்ஷன் அப்படியேதான் இருக்கும் என்பதையும் ரகோத்தமன் மறக்காமல் சொன்னார். இருக்கட்டும் என்றார் டீச்சர். அந்தோணியின் பெண்ணை நினைத்து அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துகொண்டிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு அவர் வாசலுக்குப் போகும் வழியில் ரகோத்தமன் எழுந்து பக்கத்தில் வந்தார். மனிதர் ரொம்பவும் களைத்துப் போயிருந்தார்.

"துரைசிங்கம் ஐயா என்ன கேட்டார் தெரியுமாம்மா? அஞ்சு வருஷம் பள்ளிக்கூடம் போகலைன்னா என் பேரன் என்னத்துக்கு ஆவான்னு கேட்டார்."

"அதைத்தானே சார் நீங்க மூணு மாசமா மிஷின்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தீங்க" என்றார் மரியபாக்கியம் டீச்சர்.

ரகோத்தமன் திரும்பிப் போய்த் துலாவின் மூடியைத் தன் கையாலேயே மூடினார்.